வெற்றிலை பாக்கு வைத்தது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: வியட்நாம் இரண்டாகிப் போர்க்களமானதற்குப் பெரிதும் காரணம் வல்லரசுகளின் தலையீடா, உள்நாட்டுத் தலைவர்களின் பிடிவாதமா? ‘வல்லரசுகளின் தலையீடே’ என்ற அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் ஐயா ஒரு போடு போட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். “வல்லரசுக்காரன் வழி தவறியா வியட்நாமுக்குள்ளே வந்தான்? வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டதே வியட்நாம்காரன்தானே! வடக்கே கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோ சி மின் மாஸ்கோவைக் கூப்பிட்டார், தெற்கே ஆட்சியிலிருந்த டியெம் வாஷிங்டனைக் கூப்பிட்டார். கூப்பிட்டவனை விட்டுவிட்டு விருந்தாளி மேல் பழி போடலாமா?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நடுவர் அவர்களே, எழுதி வந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்த வெற்றிலை பாக்குக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

ஐயா, ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது எந்த வாசலில் போய் வெற்றிலை வைத்தார் தெரியுமா? மாஸ்கோ வாசலில் அல்ல. வாஷிங்டன் வாசலில்!

1945, ஜூலை மாதம். வடக்கு வியட்நாமில் ‘தான் த்ராவ்’ என்ற மலைக்காடு. ஜப்பான் படை நாட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. முந்தின சில மாதங்களில் வந்த பஞ்சத்தில் வடக்கே லட்சக்கணக்கான ஜனம் செத்துப் போயிருக்கிறது. அந்தக் காட்டுக்குள்ளே ஜூலை 16ஆம் தேதி வானத்திலிருந்து பாராசூட்டில் ஆட்கள் குதிக்கிறார்கள். யார்? அமெரிக்கர்கள்! சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். உளவுப் பிரிவு. தலைவர் மேஜர் அலிசன் தாமஸ். கீழே இவர்களுக்காகக் காத்திருந்தது ஹோ சி மின்னின் வியட் மின் படை. அமெரிக்க நண்பர்களே வருக என்று ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட்டு வரவேற்றார்கள்.

அடுத்ததைக் கேளுங்கள். குடிசைக்குள்ளே ஒரு மனிதர் படுத்துக் கிடக்கிறார். உடம்பு மஞ்சள் பூத்து, எலும்பும் தோலுமாய், காய்ச்சலில் கிடுகிடுவென்று நடுங்குகிறார். அமெரிக்கக் குழுவில் பால் ஹோக்லண்ட் என்று ஒரு மருத்துவ உதவியாளர். குனிந்து பார்க்கிறார், கொய்னா கொடுக்கிறார், சல்பா மருந்து கொடுக்கிறார். சில நாளில் அந்த மனிதர் எழுந்து உட்காருகிறார். அவர்தான் ஹோ சி மின்!

கடைசி வரிசைத் தாய்மார்களுக்கும் கேட்க வேண்டும், இன்னொரு தடவை சொல்கிறேன். அமெரிக்கா யாரை எதிரி என்று சொல்லி இருபது வருஷம் போராடியதோ, அந்த மனிதருக்குக் காய்ச்சல் கண்டபோது மாத்திரை கொடுத்தது ஒரு அமெரிக்கக் கை. ஹோ சி மின்னின் தளபதி ஜெனரல் ஜியாப்பின் ஆட்களுக்கு கார்பைன் துப்பாக்கி சுடவும் கையெறி குண்டு வீசவும் கற்றுக் கொடுத்தது அமெரிக்க வாத்தியார். 1945இல் அந்த வானத்திலிருந்து மருந்துப் பெட்டி இறங்கியது. 1965இல் அதே வானத்திலிருந்து என்ன இறங்கியது? நான் சொல்ல வேண்டியதில்லை, இந்தச் சபைக்கே தெரியும்.

ஹோ சி மின் இதோடு விட்டாரா? செப்டம்பர் 2. ஹனோய் பா தின் சதுக்கம். சுதந்திரப் பிரகடனம் வாசிக்கிறார். முதல் வரி மார்க்ஸ் எழுதியதா, லெனின் எழுதியதா? இல்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகம்! அப்புறம் ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கடிதம் மேல் கடிதம். 1946 பிப்ரவரி 28இல் ஒரு தந்தி, எங்கள் சுதந்திரத்துக்கு ஆதரவாகத் தலையிடுங்கள் என்று. பதில் வந்ததா? ஒரு வரி வரவில்லை. பேராசிரியர் ஐயா, இதுதான் நீங்கள் சொன்ன வெற்றிலை பாக்கு. வைத்தது உண்மை. எடுக்கத்தான் ஆளில்லை!

ஏன் எடுக்கவில்லை? ஐரோப்பாவில் ரஷ்யாவுக்கு எதிராக நிற்க பிரான்ஸ் வேண்டும். பிரான்ஸுக்கோ பறிபோன தன் காலனியான வியட்நாம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சரி, மாஸ்கோவாவது ஓடி வந்ததா? 1945 செப்டம்பரில் பிறந்த ஹோ சி மின் அரசை ஸ்டாலின் அங்கீகரித்தது 1950 ஜனவரி 30. நாலு வருஷத்துக்கும் மேலே! சீனாவில் மாவோ ஜெயித்து, ஜனவரி 18ஆம் தேதி சீனா அங்கீகரித்த பிறகுதான் ரஷ்யாவுக்குக் கண் திறந்தது. உடனே பிப்ரவரி 7ஆம் தேதி, பிரான்ஸ் உட்கார வைத்த முன்னாள் மன்னர் பாவோ தாயின் அரசை அமெரிக்கா அங்கீகரித்தது. மூன்றே வாரத்தில் மூன்று பெரிய நாடுகள்! அந்த மூன்று வாரத்தில் வியட்நாமில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. மாறியது வல்லரசுகளின் தேவை. கூப்பிட்டபோது வராதவர்கள், தங்களுக்கு வேண்டியபோது தாங்களே வந்தார்கள். 1954 வாக்கில், வியட் மின்னுக்கு எதிராகப் பிரான்ஸ் நடத்திய போரின் செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்கப் பணம். இதற்குப் பெயர் விருந்தா?

நாட்டைப் பிரிக்கக் கோடு போட்ட கதைக்கு வருகிறேன். முதல் கோடு 1945இல் போட்ஸ்டாம் மாநாட்டில், 16ஆவது அட்சரேகையில். ஜப்பானிடம் சரணாகதி வாங்க வடக்கே சீனப்படை, தெற்கே பிரிட்டிஷ் படை. தெற்கே போனது யார்? ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்திய டிவிஷன். ஆமாம், நம் சிப்பாய்கள்! சுதந்திரத்துக்காக நாமே போராடிக்கொண்டிருந்தபோது, இன்னொரு நாட்டில் பிரெஞ்சுக்காரன் மறுபடி ஆட்சிக்கு வர நம் பிள்ளைகளைக் காவல் நிறுத்தினார்கள். நேரு கொதித்துப்போய்க் கண்டித்தார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இரண்டாவது கோடு 1954, ஜெனீவா சமாதான மாநாடு. தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை மண்டியிட வைத்துவிட்டு வந்த வியட் மின், பிரிவினைக் கோட்டினை 13ஆவது அட்சரேகையில் போடச் சொன்னது. பிரான்ஸ் 18 என்றது. வெளியுறவு அமைச்சர்களான ரஷ்யாவின் மொலடோவும் சீனாவின் சூ என்லாயும் கூட இருந்தே வியட் மின்னை இறங்கி வர வைத்தார்கள். முடிவு 17. நாட்டை மறுபடி ஒன்றாக்கும் தேர்தல் எப்போது? இரண்டு வருஷம் கழித்து என்றது மொலடோவின் யோசனை. எதிரணிக்கு இதுதான் என் கேள்வி: தெற்கு வியட்நாமின் பிரதிநிதி த்ரான் வான் தோ அந்தச் சபையில் என்ன செய்தார்? என் நாட்டைப் பிரிக்காதீர்கள் என்று எழுந்து ஆட்சேபித்தார். காதில் வாங்கவில்லை! போர்நிறுத்த ஒப்பந்தத்தில் வியட் மின்னின் தா குவாங் பூ கையெழுத்துப் போட்டார். எதிரில் கையெழுத்துப் போட்டது பிரெஞ்சு ஜெனரல் டெல்டெய்ல். தெற்கு வியட்நாம்காரன் கையெழுத்து எங்கே?

டியெம் 1956 தேர்தலை நடத்த மறுத்தாரே என்பீர்கள். மறுத்தார், ஒப்புக்கொள்கிறேன். பாவோ தாயா, தானா என்று நடத்திய 1955 வாக்கெடுப்பில் தனக்கு 98 சதவீதம் என்று காட்டிக்கொண்டவர் அவர். அந்தத் துணிச்சல் எவன் டாலரில் வந்தது? ரஷ்யா மட்டும் யோக்கியமா? 1957இல் வடக்கு, தெற்கு இரண்டையும் தனித்தனி நாடாக ஐ.நா.வில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தது ரஷ்யாதான்! தேர்தல் தேதி தாண்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிளவுக்கு முத்திரை குத்தப் பார்த்தான் தோழன்.

மணி அடிக்காதீர்கள் நடுவரே, ஒரே ஒரு நிமிடம்.

ஒப்பந்தப்படி இரு பக்கமும் இடம் மாற 300 நாள் அவகாசம். வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேலான மக்கள் தெற்கே போனார்கள், அதில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தெற்கிலிருந்த வியட் மின் வீரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக லட்சத்துக்கும் மேலே வடக்கே போனார்கள். குயி நோன் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகிச் சில வாரமே ஆன பெண் கரையில் நிற்கிறாள். புருஷன் கப்பலில். கூட்டத்தின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அவன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறான். இரண்டே வருஷம், வந்துவிடுவேன்! ஊர் ஊராக அப்படித்தான் விரலைக் காட்டிப் பிரிந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு நின்றவர்கள் எத்தனை பேர்! அம்மா தாயே, அந்த இரண்டு வருஷம் இருபத்தொரு வருஷமானது. 1975இல்தான் கோடு அழிந்தது. திரும்பி வந்தவனுக்குத் தலை நரைத்திருந்தது. அவன் பிள்ளை தெற்கு வியட்நாம் ராணுவச் சீருடையில் நின்று, தகப்பன் இருந்த படையையே சுட்டிருந்தான். பல பேர் வரவே இல்லை. அந்தப் பெண் எந்த வல்லரசைக் கூப்பிட்டாள் ஐயா? அவள் யாருக்கு வைத்தாள் வெற்றிலை?

எனக்கு அடுத்து எதிரணிச் சகோதரி பேச வருகிறார். அம்மா, ஹோ சி மின்னுக்கு ட்ரூமன் போட்ட பதில் கடிதம் ஒன்றைக் காட்டுங்கள். ஜெனீவா போர்நிறுத்த ஒப்பந்தத்தில் தெற்கு வியட்நாமின் கையெழுத்தைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் இந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்து உங்கள் அணியில் உட்காருகிறேன். காட்ட முடியாவிட்டால், நடுவர் அவர்களே, குயி நோன் கரையில் நின்ற அந்தப் பெண்ணுக்காகவாவது எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.