27 தான் பெரியது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, டென்னிஸ் மட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். சானியா மிர்சாவின் டென்னிஸ் வாழ்வில் விஞ்சி நிற்பது ஒற்றையர் ஆட்டமா, இரட்டையர் ஆட்டமா என்பது இன்றைய வழக்கு. நான் ஒற்றையர் அணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கணக்குப்பிள்ளை போல எண்களை அடுக்கிவிட்டுப் போனார். ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், அதாவது ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு பெரும் போட்டிகளில் வென்றவை. டூர் எனப்படும் தொழில்முறைப் போட்டித் தொடரில் 43 இரட்டையர் பட்டங்கள். உலகத் தரவரிசையில் 91 வாரங்கள் முதலிடம். மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து தொடர்ந்து 41 வெற்றிகள். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. அவர் பேசி முடித்தபோது நானும் கைதட்டினேன். போகிற போக்கில், "உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு பட்டமும், ஒற்றையர் தரவரிசையில் எட்டிய 27 என்ற ஓர் எண்ணும்தானே?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, அவ்வளவுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இரட்டையர் ஆட்டத்தில் இந்தியருக்கு வழி போட்டது யார்? 1997ஆம் ஆண்டு மகேஷ் பூபதி ஜப்பானின் ரிக்கா ஹிராகியுடன் சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றார். 1999இல் லியாண்டர் பயஸும் பூபதியும் உலகின் முதல்தர ஜோடியாக இருந்தார்கள். சானியா இரட்டையருக்கு வந்தபோது அந்தச் சாலையில் தார் போட்டு, விளக்கும் ஏற்றியிருந்தது. அவருடைய முதல் இரண்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில், 2009 ஆஸ்திரேலிய ஓப்பனிலும் 2012 பிரெஞ்சு ஓப்பனிலும், பக்கத்தில் நின்றவர் யார்? அதே மகேஷ் பூபதி. குறையாக இதைச் சொல்லவில்லை. வழி இருந்தது என்கிறேன், அவ்வளவே.

பெண்கள் ஒற்றையரில் என்ன இருந்தது? கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று வென்றார். ஓப்பன் யுகத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த காலத்தில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரின் பிரதான சுற்றில் ஓர் இந்தியப் பெண் வென்ற முதல் ஆட்டம் அது. அந்த ஒரு வெற்றியையே நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தோம். அதற்கு மேல் போக ஒற்றையடிப் பாதைகூட இல்லை.

இந்த இடத்தில்தான் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். சாணம் மெழுகிய களத்தில் ஆடிப் பழகியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தந்தை இம்ரான் மிர்சாதான் பயிற்சியாளர். 2005 ஜனவரியில் மெல்போர்னுக்குப் போகும்போது உலகின் முதல் 150 பேரில்கூட அவர் இல்லை. தரவரிசை போதாதவருக்குத் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு கொடுத்து உள்ளே விட்டார்கள். இரண்டு சுற்றுகளை வென்று மூன்றாவது சுற்றில் செரீனா வில்லியம்ஸ் முன்னால் போய் நின்றார். முதல் செட் 6-1 என்று பறிபோனது. இரண்டாவது செட்டில் செரீனாவிடமிருந்து நான்கு கேம்களை எடுத்தார். தோல்விதான், ஆனால் நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது.

அடுத்த மாதமே ஹைதராபாத் ஓப்பன். சொந்த ஊரில் ஆடுவது வரமா, பாரமா என்பது ஆடுகிறவருக்குத்தான் தெரியும். இறுதிப் போட்டியில் உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோ. 6-4, 5-7, 6-3. டபிள்யூடிஏ என்ற மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். எதிரணித் தலைவர் ஏளனமாகச் சொன்ன அந்த 'ஒரே ஒரு பட்டம்' இதுதான் ஐயா. இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குத் துணையாக வைக்க இரண்டாவது இந்தியப் பெண் இன்னும் வரவில்லை.

அடுத்து துபாய். எதிரில் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவா, அப்போதைய அமெரிக்க ஓப்பன் சாம்பியன். முதல் செட்டில் சானியா 0-4 என்று பின்தங்கியிருக்கிறார். கணுக்கால் வேறு பிசகியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கைகுலுக்கிவிட்டு ஓய்வறைக்குப் போயிருப்பார்கள். இவர் வரிசையாக ஆறு கேம்களை எடுத்து அந்த செட்டை 6-4 என்று முடித்தார். அடுத்த செட் 6-2. நடுவர் அவர்களே, இரட்டையர் ஆட்டமாக இருந்திருந்தால், கால் பிசகியவரிடம் "நீ வலையருகே நில், பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல இன்னொருவர் இருந்திருப்பார். ஒற்றையரில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காவது சுற்று வரை போய் மரியா ஷரபோவாவிடம் தோற்றார். ஆண்டு முடிவில் உலகத் தரவரிசையில் 31. ஜனவரியில் வைல்டு கார்டில் நுழைந்தவர், டிசம்பரில் 31! அப்போது அவருக்கு வயது 19. இடையில் உடையைப் பற்றிய கண்டனம், அதனால் கொல்கத்தா போட்டியில் பலத்த காவல் என்று என்னென்னவோ நடந்தன. அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பவே நாம் பத்து முறை யோசிக்கிறோம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "முதலிடம் முதலிடம்தான், 27 என்பது 27தான்" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஏணியின் படிகள் இல்லையே! ஒற்றையரில் உலகின் சிறந்த வீராங்கனைகள் அத்தனை பேரும் முழுமூச்சோடு இறங்குகிறார்கள். இரட்டையரில் அவர்களில் பலர் ஆண்டு முழுவதும் ஆடுவதே இல்லை. டூர் இரட்டையரில் டியூஸுக்கு, அதாவது 40-40 என்ற சமநிலைக்குப் பிறகு ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக் என்ற குறுகிய முடிவாட்டம். அதற்கும் நெஞ்சுரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றையரின் மூன்றாவது செட்டில் இரண்டு மணி நேரம் தனியாக ஓடிய பிறகும் சர்வீஸ் போட வேண்டியிருக்கிறதே, அந்த வேதனை வேறு. சானியாவுக்கு சர்வீஸ் பலவீனம் என்பது உலகறிந்த செய்தி. குறிப்பாக இரண்டாவது சர்வீஸை எதிராளிகள் அடித்து நொறுக்குவார்கள். ஒற்றையரில் அதை ஒளித்துவைக்க இடமே கிடையாது. அந்தக் குறையோடுதான் 2007 ஆகஸ்டில் 27ஆவது இடத்தைத் தொட்டார்.

எப்படி முடிந்தது? ஃபோர்ஹேண்ட்! பந்தைத் தொடும் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் அந்த அடி. அதை ஒற்றையரில்தான் உலகம் முதலில் கண்டு அஞ்சியது. 2006இல் சியோலில் அதை எதிர்கொண்டு தோற்றவர் யார் தெரியுமா? மார்ட்டினா ஹிங்கிஸ்! ஐந்து ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்றவர், முன்னாள் முதல்தர வீராங்கனை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஹிங்கிஸ் சானியாவோடு ஜோடி சேர்ந்தார். பின்கோட்டில் சானியாவின் ஃபோர்ஹேண்ட், வலையருகே ஹிங்கிஸின் கைவண்ணம். விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன், ஆஸ்திரேலிய ஓப்பன் என்று வரிசையாக மூன்று பட்டங்கள். எதிரணி கொண்டாடும் அந்த 41 வெற்றிகளின் முதலீடு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதை நடுவர் அவர்கள் பார்க்க வேண்டும்.

அந்த மணிக்கட்டுதான் 2008இல் கைவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக் ஒற்றையரில் முதல் சுற்றிலேயே வலி தாங்காமல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார். அறுவை சிகிச்சைகள், முழங்காலும் சேர்ந்துகொண்டது. 2013இல் ஒற்றையரை விட்டுவிடுவதாக அறிவித்தார். முழுக் களத்தையும் தனியாக ஓடிக் காக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. உடைந்த கையோடு மீண்டு வந்து இரட்டையரில் உச்சிக்குப் போனது பெருமை என்றால், அந்தக் கை எங்கே தேய்ந்தது என்று கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இரட்டையரில் சானியாவுக்குப் பிறகு அங்கிதா ரெய்னா முதல் நூறு இடங்களுக்குள் வந்துவிட்டார். மகிழ்ச்சி, இன்னும் பலர் வரட்டும். ஒற்றையரில் சானியாவுக்கு முன்போ பின்போ முதல் நூறுக்குள் வந்த இன்னோர் இந்தியப் பெண்ணின் பெயரை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டு, உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.