வெள்ளை வேட்டி கட்டி அந்துப்பூச்சி கணக்கு எடுப்போம்

[ராத்திரி. கொடியில காயப்போட்ட மாதிரி ஒரு வெள்ளை வேட்டி, முன்னாடி லைட்]

வணக்கங்க, பாலக்கோடு பக்கம் எங்க கொல்லையில இருந்து பேசுறேன், மணி ஏழரை. நம்ம நாட்டுல வண்ணத்துப்பூச்சி சுமார் 1,400 வகைதான், ஆனா அந்துப்பூச்சி 10,000 வகைக்கு மேல இருக்கு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு அதுல நல்லா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பட்டுப்பூச்சி. கூடு வித்து காசு பாக்குறதால தெரியும், மத்ததெல்லாம் நமக்கு வெறும் விட்டில்தான்.

வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி வேட்டியில வந்து உக்காரும், அதைப் பாத்து எழுதி வெக்கறதுதான் வேலை. லைட்டு எதுன்னா, சாதா எல்இடிக்கு அவ்வளவா வராதுங்க, புற ஊதா வெளிச்சம் வர்ற பல்பு வேணும், பாதரச பல்பும் ஓகே, ஆனா அதை நேரா உத்துப் பாக்காதீங்க. அமாவாசை ஒட்டின நாளா பாருங்க, நிலா வெளிச்சத்துல கூட்டம் குறைஞ்சிடும்.

[க்ளோஸ்-அப்: பச்சைப் பூச்சி]

இந்தா, ராணுவ துணி கலர்ல இருக்கே, இதோட புழு அரளி இலை தின்னு வளரும். முதுகுல மண்டையோடு மாதிரி இருக்கற இன்னொண்ணு வந்தா பயந்து அடிச்சிடாதீங்க, எள்ளுச் செடியில பெரிய புழு பாத்திருப்பீங்கல்ல அதோட தாய் இதுதான், புடிச்சா கீச்சுனு கத்தும், தேன்கூட்டுக்குள்ள புகுந்து தேன் குடிக்கும், எனக்கு ரொம்பப் புடிச்ச பூச்சி.

கடலைக்காய் போடுறவங்க இதைக் கவனிங்க. முன்ரெக்கை ஓரத்துல மஞ்சக் கோடு, பின்ரெக்கை வெள்ளையில கருப்பு புள்ளி, இது செவப்பு கம்பளிப்புழுவோட அந்து. மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா கெடந்தது கோடை மழை பெஞ்சதும் கெளம்பி வரும், அதான் அந்தக் காலத்துலயே மழை முடிஞ்சதும் காட்டு ஓரம் தீ மூட்டி வெச்சாங்க. எந்த தேதியில மழை, எந்த தேதியில மொத பூச்சின்னு வருஷா வருஷம் எழுதி வெச்சீங்கன்னா முட்டை வெக்கறதுக்குள்ள உஷாராயிடலாம்.

பேரு தெரியலையேன்னு நிக்காதீங்க. போட்டோ, தேதி, ஊரு, நேரம் இந்த நாலும் போதும், பேரை அப்புறம் ஐநேச்சுரலிஸ்ட்னு (iNaturalist) பூச்சி, செடி போட்டோ போட்டு பேரு கேக்கற வெப்சைட்டுல கேக்கலாம். பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க, சைஸ் தெரியலன்னா குழப்பம். தேதி இல்லாத போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் கணக்குல வராதுங்க, நானே மொத வருஷம் எடுத்ததுல பாதி அப்படி போச்சு, இன்னும் மனசு கேக்கல.

சித்தேரி, அஞ்செட்டி மலைக்குப் போனாதான்னு இல்ல, மாட்டுக்கொட்டாய் லைட்டுக்கு வர்றதையும் எழுதுங்க.

விடியறதுக்கு முன்னாடி லைட்டை அணைச்சு வேட்டியை மெதுவா செடிப் பக்கம் உதறி விட்டுடுங்க, இல்லன்னா வெளிச்சம் வந்ததும் கரிச்சான் குருவி வந்து ஒண்ணு விடாம கொத்திட்டு போயிடும்.