இறகின் போக்கில் ஒரு கோடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பாடசாலைகளில் நெடுங்காலம் சித்திரம் கற்பித்த எனக்கு, முறையாக ஓவியம் பயிலாத ஒருவரிடமே பெருமதிப்பு உண்டு. அவர் 1683இல் இங்கிலாந்தில் பிறந்த மார்க் கேட்ஸ்பி.

1722இல் அமெரிக்காவின் கரோலினாவுக்குச் சென்ற அவர், பறவைகளைப் பெரும்பாலும் உயிருடன் வைத்தே வரைந்தார். அவற்றை நூலாக அச்சிடச் செப்புத்தகட்டில் பொறிக்கப் பாரிசிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கைதேர்ந்தவர்கள் இருந்தும், கொடுக்கப் பணமில்லை. ஆகவே ஜோசப் கூப்பி என்ற ஓவியரிடம் அவ்வித்தையைக் கேட்டறிந்து, 220 தகடுகளில் ஓரிரண்டைத் தவிர ஏனையவற்றைத் தாமே பொறித்தார். 1747 வரை நீண்ட வேலை அது! மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, மை தடவி அச்சிட்ட பின், ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டும்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். பயின்ற பொறிப்பாளர்கள் நிழலைக் காட்டக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பார்கள். பறவை வலைக்குள் அகப்பட்டதுபோல் தெரியும். கேட்ஸ்பியோ அதை வேண்டுமென்றே விலக்கி, இறகு போகும் போக்கிலேயே கோட்டை இழுத்தார். உழைப்பு கூடினாலும் பொருத்தம் இதுவே என்று தம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். சந்தைக்குப் போகும்போது ஒரு காகத்தைக் கவனியுங்கள்: கழுத்தின் சாம்பல் இறகு குட்டையாக, மெத்தென்று இருக்கும், சிறகின் இறகு நீண்டு விறைத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே கோடு பொருந்துமா? மாணவர்களிடம் நான் அலுக்காமல் கேட்ட கேள்வி இது. இன்னொரு முறையும் கேட்கிறேன், பொருந்துமா? முறையாகப் பயின்றிருந்தால் கேட்ஸ்பியும் குறுக்குக்கோடே போட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவைக் கண்ட நேயர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கேட்ஸ்பி வரைந்த பயணப்புறாவின் கடைசிப் பறவை 1914இலும், கரோலினாக் கிளியின் கடைசிப் பறவை 1918இலும், சின்சினாட்டி விலங்குக்காட்சிச்சாலையிலேயே இறந்தன. அவற்றின் நிறத்துக்கு மிகப் பழைய சாட்சிகளுள் இத்தாள்களும் அடங்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நம் நாட்டுப் பறவைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனுக்காகத் தி பெவரே என்ற இலங்கையர் பறவைகளை வரைந்தார். அவற்றுள் சில 1776இல் லண்டனில் கைவண்ணப் படங்களாக வெளிவந்தன. லோட்டனின் பெயரைத் தாங்கிய தேன்சிட்டு இன்றும் நம் வீட்டுச் செவ்வரத்தைக்கு வருகிறது. அதன் வளைந்த அலகைப் பற்றிச் சொல்லத்தான் நேரமில்லை. வணக்கம்.