மார்க்கெட் டிரேய்டன்: புதன்கிழமைச் சந்தையும் கோபுரம் ஏறின பையனும்

(காட்சி: தெருவோரக் கடைகள், முட்டை அட்டைகள், சீஸ் கட்டிகள்)

புதன்கிழமை காலை. இங்கிலாந்தோட மேற்கு ஓரம், ஷ்ராப்ஷர். மொத்தமே சுமார் 12,000 பேர் இருக்கிற ஊர். தெருவுல கடை விரிச்சாச்சு. பார்த்தா நம்ம வாரச் சந்தை மாதிரியேதான் இருக்கு. ஆனா இந்தப் புதன்கிழமைக்கு 1245ல மூணாம் ஹென்றி ராஜா சாசனம் எழுதிக் கொடுத்திருக்கார். கிட்டத்தட்ட 780 வருஷமா அதே கிழமை. ஊர்ப் பேரே மார்க்கெட் டிரேய்டன்!

சந்தை போட ராஜா எதுக்கு? சந்தைன்னா சுங்கம், சுங்கம்னா காசு. பக்கத்துலயே இன்னொருத்தர் சந்தை போட்டா, முதல்ல சாசனம் வாங்கினவர் வருமானம் போச்சு. அதுக்கு அந்தக் காலச் சட்ட நூல்ல ஒரு அழகான கணக்கு இருக்கு. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 20 மைல் நடப்பார். அதை மூணாப் பிரிங்க: போக ஒரு பங்கு, வித்து வாங்க ஒரு பங்கு, இருட்டுறதுக்குள்ள வீடு திரும்ப ஒரு பங்கு. ஆக ஆறே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் கம்மி, அதாவது 10 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்குள்ள புதுசா சந்தை போட்டா வழக்குப் போடலாம். இங்கிலாந்துல சந்தை ஊர்கள் இடைவெளி விட்டு நட்ட நாத்து மாதிரி நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

(காட்சி: தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம், மேலே மணி)

இது பட்டர்கிராஸ். பண்ணை வீட்டுப் பெண்கள் வெண்ணெய், முட்டை விக்கிறதுக்கு நிழல். மேல தொங்குற மணியைக் கவனிங்க. 1651ல ஒரு பேக்கரியில பிடிச்ச தீ, ஊர்ல முக்காவாசியைத் தின்னுடுச்சு. எல்லாமே மர வீடு, வேற என்ன ஆகும்? மறுபடி தீப்பிடிச்சா அடிக்கத்தான் இந்த மணி.

பேக்கரி சுட்ட ஊருக்குப் பெருமையும் பேக்கரியாலதான். ஜிஞ்சர்பிரெட், அதாவது இஞ்சி போட்ட பிஸ்கட் மாதிரி. விரல் நீளத்துக்குக் கெட்டியா இருக்கும். நாம டீயில ரஸ்க் தோய்க்கிற மாதிரி, இவங்க போர்ட் ஒயின்ல தோய்ச்சுச் சாப்பிடுவாங்க. இஞ்சி அந்தக் குளிர்ல விளையாது, கப்பல்லதான் வரணும். கப்பல்னதும் அடுத்த ஆள் வந்துட்டார்.

(காட்சி: செயின்ட் மேரி தேவாலயக் கோபுரம், கேமரா மெதுவாக மேலே)

கோபுர உச்சியில தண்ணி வடியிற கல் முகம் தெரியுதா? ஒரு பொடியன் இதுல ஏறி உக்காந்து ஊரையே பதற வெச்சான்னு கதை. இதே ஊர்க் கடைக்காரங்ககிட்ட, கண்ணாடி உடையாம இருக்கணும்னா ஆப்பிளும் சில்லறையும் கொடுன்னு கும்பல் சேர்த்து வசூல் பண்ணினதாவும் சொல்வாங்க. பிறந்தது 1725ல, பக்கத்துல ஸ்டைச் ஹால்ல. பேரு ராபர்ட் கிளைவ். ஊர்ல இதைக் குறும்புக் கதையாத்தான் சொல்றாங்க. ஆற்காடு, வங்காளம் எல்லாம் தெரிஞ்ச நமக்குச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் வர்றதில்ல.

18 வயசுல, 1744ல, கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவா மெட்ராஸ் வந்தார். 1751ல சுமார் 500 பேரோட ஆற்காட்டுக் கோட்டைக்குள்ள புகுந்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்த 500 பேர்ல பெரும்பாதி நம்ம சிப்பாய்கள். அரிசி தீரும்போது சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் கொடுத்துட்டு வடிச்ச கஞ்சித் தண்ணியை அவங்க குடிச்சதா ஒரு கதை உண்டு. கிளைவ் பேர் நின்னுச்சு. கஞ்சி குடிச்சவங்க பேர் ஒண்ணும் நமக்குத் தெரியாது.

1753ல கல்யாணம், சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள்ள. அந்தத் தேவாலயத்துக்கும் பேர் செயின்ட் மேரிதான். 1680ல திறந்தது, இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம்.

(காட்சி: வயல் நடுவே சின்னத் தேவாலயம், மோர்ட்டன் சே)

1774ல இறந்தார், வயசு 49. டிரேய்டனுக்கு மேற்கே சில மைல்ல, இந்த மோர்ட்டன் சே தேவாலயத்துக்குள்ளதான் புதைச்சாங்க. எந்தக் கல்லுக்குக் கீழன்னு அடையாளம் வைக்கல. சுவத்துல ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கு. அதுல மூணு லத்தீன் வார்த்தை: 'ப்ரைமஸ் இன் இண்டிஸ்'. இந்தியாவில் முதல்வன்னு அர்த்தம்.