ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

[காட்சி: ரோஸ் ஹில்லில் ஒரு வீடு. தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி ஆறு வயதுச் சிறுமி.]

குரல்: "தள்ளி உட்கார், கண் கெட்டுவிடும்!" இப்படி அதட்டாத பாட்டி மொரீஷியஸில் உண்டா? ஆனால் கிட்டப் போனதால் கண் கெடுவதில்லை. எட்ட இருந்தால் தெரியாத பிள்ளைதான் பல நேரம் கிட்டப் போகிறது.

அதை அவள் சொல்லவும் மாட்டாள். சிறு வயது முதல் மங்கலையே பார்த்தவளுக்கு, உலகமே அப்படித்தான் என்ற நினைப்பு. பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். தமிழ் வகுப்பில் 'ண'வின் சுழிகளை எண்ண முடியாமல் 'ன' என்று வாசிப்பாள். கவனம் போதாது என்று திட்டும் விழும்.

[காட்சி: அம்மாவின் உள்ளங்கை சிறுமியின் ஒரு கண்ணை மறைக்கிறது.]

குரல்: அவள் கார்ட்டூனில் மூழ்கியிருக்கும்போது இப்படிச் செய்யுங்கள். வலக்கண்ணை மறைத்தால் பேசாமல் இருக்கிறாள். இடக்கண்ணை மறைத்ததும் கையைத் தட்டிவிடுகிறாள். அப்படியானால் அவள் இடக்கண்ணை நம்பித்தான் பார்க்கிறாள். வலக்கண் சோம்பேறிக் கண்ணாக இருக்கலாம். அது அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கிவிடும். 7 வயதுக்குள் தெரிந்தால், கண்ணாடியும் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைப்பதும் பெரும்பாலும் கைகொடுக்கும். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். கோணத்தால் வந்த வெள்ளையாகவும் இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும்.

[காட்சி: கோர் த கார்ட் மலைக்கோயில். கைப்பிடியைத் தேடும் ஒரு முதியவரின் கை.]

குரல்: பெரியவர்கள் இன்னும் மோசம், சமாளித்துவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர் மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடித்தால் அது வெள்ளெழுத்து. ஒரு கண்ணாடியோடு முடிந்தது. எதிரே வரும் காரின் விளக்குக் கூசுகிறது என்று இரவில் வண்டி எடுக்கத் தயங்கினால் கண்புரையைச் சந்தேகிக்கலாம். படி தவறுகிறார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், பக்கத்தில் யாராவது வந்து நின்றால் திடுக்கிடுகிறார் என்றால் குளுக்கோமாவா என்று பார்க்க வேண்டும். அது வலியே இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்னும். போனது திரும்பாது.

அடுத்தது சர்க்கரை நோய். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது உண்டு. அதனால் கண்ணின் உட்புறத் திரையான விழித்திரையில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகும் செய்தித்தாள் எழுத்துத் தெளிவாகவே தெரியலாம். ஆகவே "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்ற பேச்சை ஏற்காதீர்கள், மாமாவே சொன்னாலும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது மட்டும் போதாது. மோக்காவில் பாரதியாரின் பெயரிலேயே அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. வழக்கமாகப் போகும் சுகாதார நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயிலும் கூசும். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.