பாட்டு கேக்க கேபிளா, வைஃபையா?

[திரையில்: ஒரு வைஃபை ஸ்பீக்கர், பாட்டு பாதியில நின்னு ஆப்ல வட்டம் சுத்துது]

வணக்கம். ஸ்பீட் டெஸ்ட் போட்டா 200 எம்பிபிஎஸ்னு காட்டுது, ஆனா பாட்டு மட்டும் நின்னு நின்னு வருது. உடனே பலரும் என்ன பண்றாங்கன்னா, இன்னும் பெரிய பிளானுக்கு மாறிடறாங்க. காசு போறது தான் மிச்சம்.

[திரையில்: எண்கள் ஒவ்வொண்ணா]

பாட்டுக்கு எவ்ளோ தேவைன்னு பாருங்க. ஸ்பாட்டிஃபைல வெரி ஹை வச்சா 320 கேபிபிஎஸ். சிடி தரத்துல, சுருக்காம அப்படியே வந்தாலும் 1411 கேபிபிஎஸ், அதாவது ஒன்றரை எம்பிபிஎஸ் கூட வரல. பெருசு பெருசுன்னு சொல்ற, சிடிய விட நுணுக்கமான 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவே 9.2 எம்பிபிஎஸ் தான், அதை ஃப்ளாக்ல, அதாவது தரம் குறையாம சுருக்கற ஃபைல் வகைல போட்டா இன்னும் குறையும். இவ்ளோ விலை குடுத்து வாங்குன ஸ்ட்ரீமர்ல (நெட்லேர்ந்து பாட்டு எடுத்து குடுக்கற பெட்டி) வெறும் 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட் வச்சிருக்கானேன்னு கடுப்பாகறவங்க கொஞ்சம் கூல் ஆகலாம்.

அப்போ எங்க இடிக்குது? சீரா வர்றதுல. வைஃபைல பொதுவா ஒரு சேனல்ல (அலைவரிசைல) ஒரு நேரத்துக்கு ஒரு டிவைஸ் தான் பேச முடியும், மேடைல இருக்கற ஒரே மைக்க ஆளாளுக்கு வாங்கி வாங்கி பேசற மாதிரி. உங்க டிவி, லேப்டாப், நாலு போன், இது பத்தாதுன்னு பக்கத்து வீட்டு ரௌட்டர் அதே சேனல்ல இருந்தா அதுவும் வரிசைல வந்து நிக்கும், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுனா மைக்ரோவேவ் ஓவனும் ப்ளூடூத்தும் வேற குறுக்க கத்தும், பாட்டு துண்டு துண்டா வர்ற பாக்கெட்ல ஒண்ணு தொலைஞ்சா திரும்ப அனுப்பணும், அதுவரைக்கும் ஸ்பீக்கர் முன்னாடியே சேத்து வச்சிருக்கற பஃபர வச்சு சமாளிக்கும், பஃபர் தீர்ந்துச்சா, பாட்டு கட். 5 கிகாஹெர்ட்ஸ்ல நெரிசல் கம்மி, ஆனா சுவர் தாண்டினா சிக்னல் சீக்கிரம் படுத்துடும்.

[திரையில்: பளபளன்னு ஒரு விலையுயர்ந்த கேபிள், மேல பெரிய கேள்விக்குறி]

வைஃபைக்கு பதிலா ரௌட்டர்லேர்ந்து நேரா லேன் கேபிள் போட்டா சவுண்டு நல்லாயிருக்குமான்னு கேப்பீங்க. இருக்காது. தொலைஞ்ச பாக்கெட் திரும்ப வந்துடுது, அதனால ரெண்டு வழியிலயும் வந்து சேர்றது அதே பிட்டு தான். ஒண்ணே ஒண்ணு, நெட் திணறுச்சுன்னா தானாவே குவாலிட்டிய இறக்கற ஆப் இருக்கு, அந்த ஆட்டோ செட்டிங்க மாத்தி வைங்க. ஆடியோவுக்குன்னே செஞ்ச லேன் கேபிள்னு விக்கறத நான் வாங்க மாட்டேன். சாதா கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும். சொல்லப்போனா உள்ள உலோக உறை போட்ட கேபிள் சில சமயம் சிக்கல் பண்ணும். லேன் போர்ட்ல இருக்கற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பெட்டியையும் மின்சார ரீதியா பிரிச்சு வைக்குது, இந்த உறை ரெண்டையும் திரும்ப சேர்த்து விட்டுடும், அப்புறம் ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு இரைச்சல். உறை இல்லாத யூடிபி போதும்.

சரி, எதுக்கு கேபிள் போடறது? எல்லாரும் மியூசிக் பிளேயருக்கு தான் முதல்ல இழுப்பாங்க. நான் டிவிக்கு இழுப்பேன். வீடியோ தான் காத்துல இருக்கற நேரத்தையெல்லாம் தின்னுது, அப்புறம் டெஸ்க்டாப், கேம் பெட்டி, இதுங்க எதுவும் இடம் மாறப் போறதில்ல, இதுங்கள வைஃபைலேர்ந்து இறக்கி விட்டாலே மிச்சம் இருக்கற வைஃபைல பாட்டு ஜம்முனு ஓடும், ஸ்பீக்கர் பக்கம் ஒரு வயர் கூட போகாம.

பாட்டெல்லாம் சொந்தமா நாஸ்ல, அதாவது வீட்டு நெட்வொர்க்ல மாட்டற ஹார்ட் டிஸ்க் பெட்டில வச்சிருக்கீங்கன்னா அதுக்கு கண்டிப்பா கேபிள். நாஸும் வைஃபை, பிளேயரும் வைஃபைன்னா ஒரே பாட்டு நாஸ்லேர்ந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, ரௌட்டர்லேர்ந்து பிளேயருக்கு ஒரு தடவைன்னு காத்துல ரெண்டு தடவை போகுது.

[திரையில்: மூணு ரூம், மூணு ஸ்பீக்கர், ஒண்ணு மட்டும் லேட்டா பாடுது]

பல ரூம்ல ஒரே பாட்டு போடறவங்களுக்கு விஷயம் கொஞ்சம் கஷ்டம். எல்லா ஸ்பீக்கரும் நேரம் தப்பாம சேர்ந்து பாடணும், ஒண்ணுக்கு டேட்டா லேட்டானா எதிரொலி மாதிரி கேக்கும், இல்ல அது கூட்டத்த விட்டே கழண்டுக்கும். வீடு முழுக்க வைஃபை வர்றதுக்கு பல பெட்டி வைக்கற மெஷ் போட்டிருந்தா அந்த மெஷ் பெட்டிகளுக்கு நடுவுல கேபிள் இழுங்க, ஸ்பீக்கர் வைஃபைலயே இருக்கட்டும்.

சுவர ஒடைக்க முடியாதுன்னா கரண்ட் லைன் வழியாவே நெட் அனுப்பற பவர்லைன் அடாப்டர் இருக்கு. உங்க வீட்டு வயரிங் எப்படியோ அதுவும் அப்படித்தான், திருப்பிக் குடுக்க வசதி இருந்தா மட்டும் வாங்குங்க.

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒரு நீள லேன் கேபிள் கடன் வாங்கி, ரௌட்டர்லேர்ந்து பாட்டு பாடற பெட்டி வரைக்கும் தரையிலயே போட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க பாட்டு ஓட விடுங்க. அப்பவும் நிக்குதுன்னா கோளாறு வைஃபைல இல்ல. வெளிய வர்ற நெட்லயோ, ஆப்லயோ, அந்தப் பெட்டிலயோ தான்.