அச்சுப் படங்களுக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

[காட்சி: மேசைமேல் பரப்பிய பழைய புகைப்படங்கள், அருகில் ஒரு ஸ்கேனர் பெட்டி]

பெட்டி நிறையப் பழைய படங்களை வைத்திருக்கும் ஒருவர் ஸ்கேனர் வாங்கப் போனால், முதலில் கண்ணில் படுவது அட்டையில் பெரிதாக அச்சிட்ட 4800 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற அளவு) என்ற எண்தான். அச்சுப் படங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

[காட்சி: 4 × 6 அங்குலப் படம், அதன்மேல் நுண்கட்டங்கள்]

4 × 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1200 × 1800 பிக்சல் கிடைக்கும். அதே அளவில் மறுபடி அச்சிட இது போதும். 600 டிபிஐயில் கிடைக்கும் 2400 × 3600 பிக்சலைக் கொண்டு, நீளத்திலும் அகலத்திலும் இருமடங்காக்கி அச்சிடலாம். 1200க்குப் போனால், சுருக்காத கோப்பு ஒன்றே 100 எம்பியைத் தாண்டும். ஆனால் சாதாரண அச்சுப் படத்தில் அவ்வளவு நுணுக்கம் இருப்பதில்லை என்பதால், கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் தாளின் சொரசொரப்பும் தூசியும்தான். 4800 போன்ற எண்கள் ஃபிலிம் நெகட்டிவுக்கு உரியவை; அதற்கு மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும், மலிவான கருவிகள் பலவற்றில் அது இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

[காட்சி: ஓரம் சுருண்ட படம் கண்ணாடிமேல், பக்கவாட்டிலிருந்து]

விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிஐஎஸ் வகையா, சிசிடி வகையா என்பது. கேனான் லைட் வரிசை, எப்சன் வி39 போன்ற மெல்லிய கருவிகளில் இருப்பது சிஐஎஸ். கண்ணாடிக்கு மிக அருகில் நகரும் இந்தச் சென்சார், கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் படத்தைத் தெளிவாகப் பதிவு செய்யும்; ஓரம் சுருண்டு சில மில்லிமீட்டர் மேலெழுந்த இடமோ மங்கிவிடும். எப்சன் வி600 போன்ற சிசிடி கருவிகள் உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடிகளும் லென்சும் கொண்டு படத்தைப் பிடிப்பதால், அந்த இடைவெளியைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் அவை பருமனானவை, விலையும் கூடுதல். ஆகவே தட்டையான உதிரிப் படங்களுக்கு மலிவான சிஐஎஸ் கருவியே போதும் என்பது என் முடிவு. பசைத்தாள் ஆல்பத்திலிருந்து பிய்த்தால் கிழியும் என்ற நிலையில் உள்ள படங்கள் நிறைய இருந்தால் மட்டும் சிசிடியைத் தேடுங்கள்.

[காட்சி: ஸ்கேனர் கண்ணாடியில் மூன்று படங்களை அடுக்கும் கை]

அடுத்தது நேரம். ஏ4 அளவுக் கண்ணாடி ஏறத்தாழ 216 × 297 மில்லிமீட்டர். அதில் 4 × 6 படங்கள் நான்கைப் பரப்பப் பார்த்தால் நீளவாக்கில் 8 மில்லிமீட்டர் இடிக்கும். இரண்டை நெட்டுவாக்கில் பக்கம் பக்கமாக வைத்து, மூன்றாவதைக் கீழே படுக்கைவாட்டில் வைத்தால் கச்சிதமாக அடங்கும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 600 படங்கள் 200 நிமிடங்களில் முடியும். மூன்றையும் தானாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக்கும் வசதி கருவியோடு வரும் மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் கையால் வெட்டியே சலித்துவிடுவீர்கள்.

படங்களை வரிசையாக உள்ளிழுக்கும் ஸ்கேனர்கள் வேகமானவை. எப்சன் ஃபாஸ்ட்ஃபோட்டோ, 300 டிபிஐயில் நொடிக்கு ஒரு படம் எடுக்கும் என்கிறது அதன் நிறுவனம். விலையோ சாதாரண வீட்டுத் தேவைக்கு மிக அதிகம். பல்லாயிரம் படங்கள் இருந்தால் இரவல் அல்லது வாடகைக்கு எடுக்கலாம். உள்ளே ஒரு தூசி சிக்கினால், அடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும் நீளக் கோடு விழும் என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும். ஒட்டுப்போட்ட படங்களையும் மடிந்த படங்களையும் அதற்குள் விடவே கூடாது.

[காட்சி: பழைய ஸ்கேனர், கணினித் திரையில் பிழைச் செய்தி]

பழைய சிசிடி கருவியைப் பயன்படுத்தியவரிடமிருந்து வாங்குவது நல்ல பேரம்தான். ஆனால் நிறுவனம் புதிய விண்டோசுக்கு டிரைவர் (கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்) வெளியிடாமல் விட்டிருந்தால், நன்றாக ஓடும் கருவியும் கணினியோடு பேசாது. வியூஸ்கேன் என்ற மென்பொருள் அத்தகைய பழைய மாடல்கள் பலவற்றை இயக்கும். அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்து, இலவசச் சோதனைப் பதிப்பில் ஒரு படத்தை ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.